யாஸீன் ஞாபகம், சோறு ஞாபகமில்லையா?

"யாஸீன் சூறாவ ஒரு பிழையில்லாம ஓதுறா. பகல் சோறு திண்டது மட்டும் ஞாபகமில்லையாம். இதெல்லாம் நடிப்பு."

ஞாபகம் தடுமாறும் முதியவர் ஒருவர் வாழும் வீடுகளில் இப்படியொரு பேச்சு அடிக்கடி காதில் விழும். சில வீடுகளில் மருமகள் சொல்வார், சில வீடுகளில் பெற்ற மகளே சொல்வார். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரே பகலில் பத்துத் தடவை "நான் இன்னும் சோறு தின்னல்ல மகள்" என்று கேட்டால் யாருக்கும் பொறுமை போகத்தான் செய்யும். வந்த விருந்தாளியிடம் "இவளுகள் எனக்குச் சோறு தாறல்ல" என்று சொல்லிவிட்டால் மானமும் போகும். ஆனாலும் "நடிக்கிறா" என்ற அந்த முடிவு பிழையானது. அது அந்த முதியவருக்கு நாம் செய்யும் அநியாயம் என்றே நான் சொல்வேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையில் என் பக்க நியாயத்தை இங்கே வைக்கிறேன்.

மூளையின் படத்தை வரைந்து, பகுதிகளைக் குறித்து, தொழில்களைப் பாடமாக்கிவிட்டு நாம் அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். வீட்டில் ஞாபகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது ஓர் அலுமாரி போன்றது என்று எண்ணிக்கொள்கிறோம். திறந்திருந்தால் எல்லாம் கிடைக்க வேண்டும், பூட்டியிருந்தால் ஒன்றும் கிடைக்கக் கூடாது. யாஸீன் வெளியே வருகிறதென்றால் சோறும் வந்தாக வேண்டும் என்பது இந்த அலுமாரிக் கணக்குத்தான்.

இந்தக் கணக்கு பிழை என்பதை ஒரு மனிதரின் துயரத்திலிருந்துதான் உலகம் படித்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலாய்சன் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953 ஆம் ஆண்டு, அவருக்கு 27 வயதாக இருந்தபோது, ஹார்ட்போர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய மூளையின் இரு பக்கங்களிலும் காதுகளுக்கு உட்புறமாக உள்ள ஒரு பகுதியை அகற்றினார். கடற்குதிரையின் வடிவத்தில் இருப்பதால் ஹிப்போகம்பஸ் என்று கிரேக்க மொழியில் பெயர் பெற்ற பகுதியின் பெரும்பங்கும் அதோடு போனது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து ஹென்றியால் புதிதாக எந்தச் சம்பவத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சிறுபராயம் ஞாபகம் இருந்தது. பேச்சு, மொழி, புத்தி எல்லாம் நன்றாகவே இருந்தன. பேசிக்கொண்டிருப்பவர் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தால், முதல் தடவை சந்திப்பதுபோல மரியாதையாக ஸலாம் சொல்லும் நிலை. (அவர் சொன்னது ஸலாம் அல்ல, நம் வழக்கில் எழுதிவிட்டேன்.)

மொன்றியல் நகரிலிருந்து வந்து அவரை ஆராய்ந்தவர் பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி. அவர் ஹென்றிக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் ஒரு நட்சத்திரம் வரையப்பட்டிருக்கும். தாளை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, அதன் ஓரங்களுக்கு இடையே கோடு இழுக்க வேண்டும். செய்து பாருங்கள், கை நம் பேச்சைக் கேட்கவே கேட்காது. ஹென்றியும் முதலில் தடுமாறினார். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய கை மிக நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், அந்த வேலையை அதற்குமுன் செய்ததே இல்லை என்றுதான் அவர் சொன்னார். அவருடைய கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. ஹென்றி நடிக்கவில்லை. 2008 இல் 82 வயதில் இறக்கும் வரை அப்படியேதான் வாழ்ந்தார்.

இதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிகள் காட்டியது இதுதான்: ஞாபகம் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனித்தனிப் பாதை உண்டு.

இன்று பகல் என்ன சாப்பிட்டோம், யார் வந்தார் போன்ற சம்பவ ஞாபகம் ஹிப்போகம்பஸைச் சார்ந்தது. கறியின் மணம், பக்கத்தில் இருந்தவரின் முகம், வாசலில் கேட்ட மீன்காரரின் சத்தம் எல்லாம் மூளைய மேற்பட்டையின் வெவ்வேறு இடங்களில் பதிவாகின்றன. அவை எண்டோரைனல் மேற்பட்டை என்ற வாசல் வழியாக ஹிப்போகம்பஸுக்கு வந்து சேர, அது அவற்றை நூலில் மணி கோர்ப்பதுபோல ஒரே சம்பவமாகக் கட்டிவைக்கிறது. அதே சம்பவத்தைத் திரும்பத் திரும்ப நினைக்கும்போதும், நாம் தூங்கும்போதும், மேற்பட்டையிலுள்ள நரம்புக்கலங்களுக்கு இடையிலான இணைப்புகள் மெல்ல மெல்லப் பலமடைகின்றன. (ஏ.எல் பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுக்க விழித்துப் படிக்கும் தோழியர் இந்த வரியைக் கவனிக்கவும்.) பல வருடங்கள் போனபின் அந்தப் பழைய ஞாபகம் ஹிப்போகம்பஸை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. அதனால்தான் நேற்று நடந்ததைச் சொல்ல முடியாத முதியவர், 1978 நவம்பரில் நம் கிழக்கை அடித்த சூறாவளியில் எந்த வீட்டுக் கூரை எந்த வளவில் போய் விழுந்தது என்று நிறுத்தாமல் சொல்கிறார்.

கை பழகிய வேலைகளின் பாதை வேறு. அது மூளையின் ஆழத்திலுள்ள அடித்திரட்டுகளையும் பின்புறத்திலுள்ள மூளியையும் சார்ந்தது. இந்த இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று நம்பியிருப்பவை அல்ல என்பதை 1996 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. சில அட்டைகளைப் பார்த்து மழையா, வெயிலா என்று ஊகிக்கும் ஒரு விளையாட்டு. ஞாபகம் இழந்த நோயாளிகள் விளையாட்டில் படிப்படியாகத் தேறினார்கள், ஆனால் அதைப் பற்றிய விபரங்களைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அடித்திரட்டுகள் பாதிக்கப்படும் பார்க்கின்சன் நோயாளிகளோ விபரங்களைச் சரியாகச் சொன்னார்கள், விளையாட்டில் தேறவில்லை. ஒரு நோய் எடுத்ததை மற்ற நோய் விட்டுவைத்திருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். என் உம்மம்மாவும் இப்படி ஞாபகம் தடுமாறும் ஒருவர்தான். அவருடைய தொழுகையைப் பார்த்துத்தான் இந்தப் பாதைகளை நான் உண்மையில் விளங்கிக்கொண்டேன். வுழூ எடுப்பதில் வரிசை மாறாது. தக்பீர், ருகூஉ, ஸுஜூது எல்லாம் சரியாகப் போகும், சூறாவிலும் தட்டுத்தடங்கல் இராது. ஆனால் இது இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்பது தெரியாது. ஸலாம் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து ளுஹருக்குத் தக்பீர் கட்டுவார். உடலின் அசைவுகள் அறுபது, எழுபது வருடப் பழக்கம். சூறா சிறு வயதில் ஓதப் பழகி ஆயிரமாயிரம் தடவை நாவில் புரண்டது. "ஒரு ரக்அத் முடிந்துவிட்டது" என்பது மட்டும் இரண்டு நிமிடத்துக்கு முன் பிறந்த புத்தம்புதிய செய்தி. அதைக் கட்டிவைக்க வேண்டிய நூல்தான் அறுந்துபோயிருக்கிறது. யாஸீனும் பகல் சோறும் இதேதான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, "இது தெரியுமென்றால் அதுவும் தெரிந்தாக வேண்டும்" என்று கேட்பது, காலில் அடிபட்டவரைப் பார்த்து "கை நல்லாத்தானே இருக்கு, ஏன் நடக்கல்ல?" என்று கேட்பதுபோல. பன்பாய் இழைத்துப் பழகிய கைகள் இன்றும் இழைக்கும். நேற்று இழைத்த பாய் எங்கே என்று கேட்காதீர்கள்.

"வயசு போனா எல்லாருக்கும் மறதிதானே" என்று அடுத்த பக்கத்துக்குச் சாய்வதையும் நான் ஏற்கமாட்டேன். வயது போனால் மூளை மெதுவாகிறது, உண்மை. ஒருவருடைய பெயர் நாக்கு நுனியில் நின்று அடம்பிடிக்கும், மாலையில் தானாக வந்துவிடும். ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள். செய்தி உள்ளே இருக்கிறது, எடுப்பதற்குத்தான் நேரமெடுக்கிறது. நோய் அப்படியல்ல. செய்தி உள்ளே போகவே இல்லை என்பதால் எத்தனை குறிப்புக் கொடுத்தும் பயனில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. கையில் கிடைத்த கண்ணாடி எதற்கு என்று தெரியாமல் விழிப்பது வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்.

1901 இல் ஜெர்மனியின் பிராங்க்போர்ட் நகரில் அலோய்ஸ் அல்ஸைமர் என்ற வைத்தியரிடம் வந்த பெண்ணுக்கு வயது 51 தான். அவர் 1906 இல் இறந்தபின் அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நரம்புக்கலங்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே சிக்கல் விழுந்த நார்களும் தெரிந்தன. இன்று அவற்றை அமிலோயிட், டௌ என்ற புரதங்கள் என்று அறிகிறோம். டௌ புரதத்தின் சிக்கல் முதலில் தலைகாட்டும் இடங்களில் ஒன்று, மேலே சொன்ன அந்த வாசல், எண்டோரைனல் மேற்பட்டை. அங்கிருந்து ஹிப்போகம்பஸுக்குப் போய், பிறகுதான் மேற்பட்டையெங்கும் பரவுகிறது. புதிய சம்பவங்கள் முதலில் போவதும் பழையவை நெடுநாள் நிற்பதும் இந்த வரிசையால்தான்.

அந்த வாசலுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் பார்க்கும் கலங்களை ஜோன் ஓகீஃப் 1971 இல் எலியின் ஹிப்போகம்பஸில் கண்டார். 2005 இல் மே பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் எண்டோரைனல் மேற்பட்டையில் வரைபடத்தின் கட்டங்களைப்போல ஒழுங்காக இயங்கும் கலங்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. நாற்பது வருடமாகப் போய் வந்த பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் ஒருவர் சந்தியில் நின்றால், ஊர் சிரிக்கிறது, அல்லது யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று தண்ணீர் ஓதக் கொண்டுபோகிறது. ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறேன்.

"மருந்தில்லாத வருத்தத்துக்கு எதற்கு டொக்டர்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் வேண்டும். அல்ஸைமர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் மறதியெல்லாம் அல்ஸைமர் அல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மன அழுத்தம், சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகளின் பக்கவிளைவு என்பவையும் முதியவரைத் தடுமாற வைக்கும். இவை கவனித்தால் சீராகக்கூடியவை. சீனி வருத்தத்துக்கு நம்மில் பலர் வருடக்கணக்காகப் போடும் மெட்போமின் பி12 அளவைக் குறைக்கக்கூடும் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? கட்டுப்பாடில்லாத குருதியமுக்கமும் சீனியும் மூளையின் சிறிய குருதிக்கலன்களை அடைத்து இன்னொரு வகை மறதி நோயை உண்டாக்குகின்றன. அதன் வேகத்தைக் குறைக்க நம்மால் முடியும். அல்ஸைமர்தான் என்று உறுதியானாலும், டொனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் உதவுகின்றன. காணி உறுதி, வங்கிக் கணக்கு போன்றவற்றை அவர் தெளிவாக இருக்கும்போதே அவருடைய விருப்பப்படி ஒழுங்குசெய்யவும் காலம் கிடைக்கிறது.

இது நான்கைந்து வீட்டின் பிரச்சினை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் 5 கோடி 70 இலட்சம் பேர் மறதி நோயோடு வாழ்ந்தார்கள். நம் நாட்டின் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். நாடு வேகமாக மூப்படைகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படும் விடயத்துக்கு வருகிறேன். 1911 இல் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் கிளாபரேட் என்ற வைத்தியர் ஒரு சம்பவத்தை எழுதிவைத்தார். அவரிடம் ஞாபகம் இழந்த ஒரு பெண் இருந்தார். தினமும் பார்க்கும் வைத்தியரையே அவருக்குத் தெரியாது. ஒரு நாள் கிளாபரேட் தன் விரல்களுக்கிடையில் ஓர் ஊசியை மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தார். ஊசி குத்தியது. பிறகு அவர் கைநீட்டியபோது அந்தப் பெண் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்லத் தெரியவில்லை. அச்சம், துயரம் போன்றவற்றோடு தொடர்புடைய அமிக்டலா ஹிப்போகம்பஸுக்குப் பக்கத்தில் இருந்தாலும் தனி உறுப்பு. சம்பவம் தொலைந்தாலும் உணர்ச்சி தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014 இல் அல்ஸைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துண்டுகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் படத்தில் என்ன நடந்தது என்பது அவர்களுக்கு ஞாபகமில்லை. ஆனால் சோகம் அரை மணி நேரம் வரை அவர்களை விட்டுப் போகவில்லை.

"ஏசினா என்ன, கொஞ்சத்தில மறந்திருவாதானே" என்று நினைப்பவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். ஏச்சை மறந்துவிடுவார். ஏன் என்று தெரியாத ஒரு கனம் நெஞ்சில் கிடக்கும். பிறகு சோறு வேண்டாம் என்பார், குளிக்க வரமாட்டேன் என்பார், அதற்கும் நாம் ஏசுவோம். பெற்றோரிடம் முகஞ்சுளிக்கவும் கூடாது என்று அஹதியாவில் சிறுவயதிலேயே படித்தவர்கள் நாம்.

பெருநாளைக்கு வரும் உறவினர்கள் நடத்தும் பரீட்சையும் நிறுத்தப்பட வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வந்து கட்டிலருகே நின்று, "என்னய ஆரெண்டு தெரியுதா, சொல்லுங்க பாப்பம்" என்பார்கள். தெரியாமல் விழித்தால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், அல்லது "ஐயோ" என்பார்கள். மூன்று மணித்தியாலப் பரீட்சைக்கே நமக்குக் கை நடுங்குகிறது. பாடத்திட்டமே இல்லாத பரீட்சையை எழுபத்தைந்து வயதில் ஒருவர் நாள் முழுக்க எழுத வேண்டுமா? "உம்மம்மா, நான் உங்கட மூத்த மகள்ர மகள்" என்று நாமே சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். "சோறு திண்டாச்சு, பொய் சொல்லாதீங்க" என்பதற்குப் பதிலாக ஒரு பிஸ்கட்டும் பிளேன்டீயும் கொடுத்துவிட்டுப் பழைய சூறாவளிக் கதையைக் கேட்கலாம். தொழுகையில் பக்கத்தில் ஒருவர் சேர்ந்து நின்றால் ரக்அத் கணக்கு அவருக்குத் தேவைப்படாது. நோய் முற்றி அறிவே தடுமாறியவர்மீது தொழுகை கடமையில்லை என்பதை மார்க்கமே சொல்லியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையைப்போல அவரை அதட்டித் தொழவைக்கத் தேவையில்லை.

நம் தலைமுறைக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2024 இல் லான்செட் ஆணைக்குழு மறதி நோய்க்குக் காரணமாகக்கூடிய, நாம் மாற்றக்கூடிய 14 விடயங்களைப் பட்டியலிட்டது. கவனிக்காமல் விட்ட காது கேளாமை, சீனி, குருதியமுக்கம், தனிமை என்பவற்றோடு, சிறுபராயத்தில் கிடைக்காத கல்வியும் அதில் இருக்கிறது. படித்த மூளையில் மாற்றுப் பாதைகள் கூடுதலாக இருப்பதால் நோய் வந்தாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது என்பது விளக்கம். ஐந்தாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட நம் உம்மம்மாமார் இழந்தது சான்றிதழ் மட்டும்தானா?

கடைசியாக, இந்தப் பராமரிப்பை யார் செய்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நானறிந்த எல்லா வீடுகளிலும் அது ஒரு பெண்தான். இரவில் மூன்று தடவை எழும்புபவர், உடுப்பு மாற்றுபவர், ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் சொல்பவர் என் உம்மாவைப் போன்ற ஒருவர். "நடிக்கிறா" என்ற சொல் சில வேளை அவருடைய வாயிலிருந்து வருவது, அவருக்குத் தூக்கமே இல்லாததால்தான். அவருக்கு மூளையின் படத்தை விளக்குவதை விட, ஒரு பின்னேரம் அவரை ஓய்வெடுக்க விட்டுவிட்டு அந்தக் கட்டிலருகே இருப்பது உதவி. அது நானாமாருக்கும் வாப்பாமாருக்கும் முடியாத வேலை அல்ல. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் வாப்பாமாரிடம் கேட்கிறேன்: உங்கள் உம்மாவின் அடுத்த கிளினிக் திகதி எது? அன்று லீவு போட்டுக் கூடப் போகப்போவது யார்?